வெள்ளச்சிக்கு 5% ஆணா, 22% ஆணா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. வீட்டுக்காரர் மஸ்கட்டில். நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான் இருக்கிறோம். துணைக்கு என்று ராஜபாளையத்தில் ஒரு கென்னலிலிருந்து (நாய்ப் பண்ணை) ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு ராஜபாளையம் நாய்களை, ஒரு பெட்டையும் ஒரு ஆணுமாக, வாங்கினோம். பெட்டை வெள்ளச்சிக்கு இப்போது மூன்று வயது. போன வருடம் இரண்டும் எங்களுக்குத் தெரியாமலே சேர்ந்து நான்கு குட்டிகள் பிறந்தன. ஒன்று மூன்றாம் நாள் செத்துப்போனது. இன்னொன்றுக்குக் காது கேட்கவில்லை. அதை நாங்களே வைத்திருக்கிறோம். அந்த ஆண் பிறகு பாம்பு கடித்துப் போய்விட்டது. இப்போது வெள்ளச்சிக்கு இரண்டு ஆண்களைப் பார்த்திருக்கிறோம். நாகர்கோவிலில் இருப்பது கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் உள்ள தூய வெள்ளை. அதன் சிஓஐ, அதாவது நெருங்கிய சொந்தத்தில் பிறந்த அளவைச் சொல்லும் எண், 5% என்று உரிமையாளர் பேப்பர் காட்டினார். வெள்ளச்சியை வாங்கிய அதே கென்னல். இரண்டுக்கும் அப்பா ஒன்றுதான் என்று கேள்வி. பூதப்பாண்டியில் இருப்பது சிவகிரிப் பக்கத்திலிருந்து வந்தது, பேப்பர் கிடையாது, ஒரு காதில் தவிட்டு நிறத் திட்டு, மூக்கும் கறுப்பு. என் தம்பி அதற்கும் வெள்ளச்சிக்கும் ஒரே லேபில் மரபணுப் பரிசோதனை செய்து வாங்கினான். சிஓஐ வெள்ளச்சிக்கு 18%, பூதப்பாண்டி ஆணுக்கு 22%. “அஞ்சை விட்டுட்டு இருபத்திரெண்டை யாராவது எடுப்பாங்களா அக்கா?” என்று தம்பி கேட்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: சகோதரி, தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைத்தால் யாரும் சின்னதைத்தான் எடுப்பார்கள். ஆனாலும் வெள்ளச்சிக்கு நான் பூதப்பாண்டி ஆணைத்தான் சொல்வேன். அந்த 22 சதவீதத்தைத் தெரிந்துகொண்டேதான் சொல்கிறேன்.

முதலில் அந்த எண் யாரைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். ஒரு நாயின் சிஓஐ, அந்த நாயின் அப்பாவும் அம்மாவும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதைச் சொல்கிறது. அது அந்த நாயின் முடிந்துபோன கதை. அதைச் சொத்துபோல அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்க முடியாது. குட்டியின் சிஓஐயைத் தீர்மானிப்பது, நீங்கள் சேர்க்கப்போகிற இரண்டு நாய்களுக்கும் நடுவில் உள்ள சொந்தம் மட்டும்தான். அண்ணன் தங்கைக்குப் பிறந்த நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் துளியும் சொந்தமில்லாத ஒன்றோடு அதைச் சேர்த்தால், பிறக்கிற குட்டிகளின் எண் சட்டென்று கீழே வந்துவிடும். மறுபக்கம், 0% உள்ள இரண்டு நாய்கள் கூடப்பிறந்தவையாக இருந்தால் அவற்றின் குட்டிகளுக்கு 25%.

நம் ஊர்க் கல்யாண முறையிலேயே இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் பிள்ளைக்கு 6.25%. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் 12.5%. ஒரே அப்பா, வேறு வேறு அம்மா என்றிருக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தாலும் அதே 12.5%. கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தாலும், அப்பாவோடு மகளைச் சேர்த்தாலும் 25%. இவையெல்லாம் மேலே உள்ளவர்கள் யாரும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு. கென்னல் நாய்களில் அப்படி இருப்பது அபூர்வம்.

இப்போது நாகர்கோவில் ஆணைப் பாருங்கள். அதன் 5%, அதன் பெற்றோர் தூரத்துச் சொந்தம் என்று சொல்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் அதன் அப்பாவே வெள்ளச்சிக்கும் அப்பா என்றால், குட்டிகளுக்கு 12.5 சதவீதத்துக்குக் குறைய வாய்ப்பில்லை. அந்தப் பொது அப்பாவே நெருங்கிய சொந்தத்தில் பிறந்தது என்றால் எண் இன்னும் ஏறும். அதன் சிஓஐ 20% என்று வைத்தால் குட்டிகளுக்கு 15% வரும். வெள்ளச்சியின் அம்மாவும் அந்த ஆணின் அம்மாவும் ஒரே கென்னல் என்பதால், அவை அக்கா தங்கையாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படியானால் இன்னும் கூடும். பூதப்பாண்டி ஆண் வெள்ளச்சிக்குச் சொந்தமில்லை என்று லேப் சொன்னால், குட்டிகள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடலாம். 22 சதவீத அப்பாவுக்கும் 18 சதவீத அம்மாவுக்கும்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, அந்த 5% எங்கிருந்து வந்தது? ‘பேப்பர் காட்டினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெடிகிரி (வம்சாவளி) பேப்பரில் மூன்று, நான்கு தலைமுறை இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், அதற்கு மேலே உள்ளவர்கள் எல்லாரும் அந்நியர்கள் என்று கணக்கு தானாகவே எடுத்துக்கொள்ளும். பேப்பர் எவ்வளவு குட்டையோ எண்ணும் அவ்வளவு அழகாக வரும். மரபணுப் பரிசோதனை அப்படியில்லை. சில லேப்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நாயின் டிஎன்ஏவைப் படித்து, அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்த பகுதிகள் எங்கெங்கே நீளமாக ஒன்றுபோலவே இருக்கின்றன என்று அளக்கின்றன. வெள்ளச்சியின் 18% அப்படி அளந்தது. ஆகவே 5, 18, 22 மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாகர்கோவில் ஆணையும் அதே லேபில் சோதித்தால் எண் வேறாக வர வாய்ப்பு நிறைய.

22 என்றதும் பதறவும் வேண்டாம். 2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 227 இனங்களின் மரபணுவைப் பார்த்தார்கள். சராசரியே 25 சதவீதத்துக்குப் பக்கம் நின்றது. உலகம் முழுக்க ‘தூய இனம்’ என்று விற்கிற நாய், சராசரியாகக் கூடப்பிறந்தவற்றுக்குப் பிறந்ததற்குச் சமம் என்று அர்த்தம். இந்தக் கூட்டத்தில் உங்கள் இரண்டு நாய்களும் மோசமில்லை.

ஆனால் வெள்ளச்சியின் 18 சதவீதத்துக்கு ஒரு பலன் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கோல்டன் ரிட்ரீவர்களில் 2019இல் வந்த ஆய்வு ஒன்று, தாயின் சிஓஐ 10 சதவீதம் கூடினால் ஈத்துக்குச் சராசரியாக ஒரு குட்டி குறைகிறது என்று காட்டியது. கவனியுங்கள், அது தாயின் எண். எந்த ஆணைக் கொண்டுவந்தாலும் அது மாறாது. அடுத்த முறையும் நான்கு, ஐந்து குட்டிதான் வருகிறது என்றால் ஆணைக் குறை சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் செத்த குட்டியையும் நெருங்கிய ரத்தத்தின் தலையில் மட்டும் போட மாட்டேன். உங்கள் பக்கத்து மழையில், ஈரத் தரையில், முதல் வாரத்துக் குட்டி குளிரிலேயே போய்விடும். அதற்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அடுத்த ஈத்துக்கு உயரமான பலகைப் பெட்டியும், ஒரு மூலையில் மட்டும் சூடு தரும்படி பல்பும் தயாராக இருக்கட்டும்.

அடுத்தது காது. நிறைய பேர் குழம்புகிற இடம் இது. சிஓஐ பரிசோதனை காது கேளாமையைச் சொல்லாது. வெள்ளை நிறத்தோடு வருகிற இந்தக் காது கேளாமைக்கு ராஜபாளையம் நாய்களில் தனி மரபணுப் பரிசோதனையும் கிடையாது. காரணம் தெரிந்ததுதான். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே வகை செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இருந்தால்தான் அங்கே ரத்த ஓட்டம் நிலைக்கும். வெளுப்பு மிகும்போது சில குட்டிகளுக்கு அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேருவதில்லை. குட்டிக்கு இரண்டு வாரத்தில் காது திறக்கும். இப்படிச் செல்கள் போய்ச் சேராத குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்தில் உள்காது கெட்டுவிடும். பிறகு மருந்து ஒன்றும் இல்லை.

வெள்ளையில் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களில் இதைப் பல வருடம் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிறக்கும்போதே உடம்பில் பெரிய கறுப்புத் திட்டோடு வரும் குட்டிகளில் செவிடு குறைவு. நீலக் கண் உள்ளவற்றில் அதிகம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் திட்டைத்தான் போட்டிகளில் குறை என்று ஒதுக்கினார்கள். ராஜபாளையத்திலும் நாம் செய்தது அதேதான். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் கண் இருந்தால்தான் விலை என்று ஆனது. திட்டோடு பிறந்த குட்டிகளைக் கொன்ற காலமும் உண்டு. கொன்றது குட்டியை மட்டுமல்ல. அது சுமந்துகொண்டிருந்த மற்ற எல்லா மரபணுக்களும் அதோடு போயின. ஆகவே பூதப்பாண்டி ஆணின் காதுத் திட்டையும் கறுப்பு மூக்கையும் பார்த்து ‘ஜாதி சுத்தமில்லை’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முடிவை மாற்றாதீர்கள். என் கணக்கில் அது அந்த ஆணுக்கு ஒரு மதிப்பெண் கூட. நஷ்டமும் உண்டு, மறைக்கவில்லை: குட்டிகளில் சில திட்டோடு வரலாம், தகப்பனுக்குப் பேப்பர் இல்லாததால் குட்டிகளுக்கும் வழக்கமான பேப்பர் கிடைக்காது. விலை குறையும். வழி ஏதாவது உண்டா என்று கேசிஐயிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வளர்ப்பது வீட்டுக் காவலுக்கு என்பதால் இதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் இணை சேர்க்கும் முன் இரண்டு நாய்க்கும் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் செவிடான நாய் வீட்டில் சாதாரணமாகவே நடமாடும். கூப்பிட்டால் வரும், குரைக்கும். சத்தம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க மட்டும் கொஞ்சம் திணறும். செவிட்டுக் குட்டி போட்ட வெள்ளச்சியே அப்படி இருக்கலாம். பேயர் என்ற சோதனைதான் காதுக்குத் தனித்தனியாகத் தெளிவாகச் சொல்லும். எல்லா ஊரிலும் கிடையாது. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு, எங்கே செய்யலாம் என்று விசாரியுங்கள். அது முடியாவிட்டால் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நாய் அயர்ந்து தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், காற்றும் மேலே படாமல், சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். காது மடல் அசைகிறதா என்று பாருங்கள். தட்டைத் தரையில் போட்டுப் பார்க்காதீர்கள். அதிர்வில் செவிட்டு நாயும் எழுந்துவிடும். குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தனி அறைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கூட்டமாக வைத்துப் பார்த்தால், பக்கத்துக் குட்டி திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும்.

இந்த ஜோடியிலும் ஒரு செவிட்டுக் குட்டி வந்தால், வெள்ளச்சிக்கு அதோடு போதும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் செவிட்டுக் குட்டிக்கு இப்போதே செய்துவிடலாம். அதைக் கண்டிப்பாக இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. கையசைத்துப் பழக்கினால் அது நன்றாகவே வளரும். ரோட்டில் மட்டும் அவிழ்த்து விடாதீர்கள்.

பரிசோதனை விஷயத்தில் இன்னும் கொஞ்சம். தம்பி இரண்டு நாய்க்கும் ஒரே லேபில் செய்தது நல்ல காரியம். அந்த லேபிடமே இந்த ஜோடிக்குப் பிறக்கும் குட்டிகளின் எதிர்பார்க்கும் சிஓஐ என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய எண் அது ஒன்றுதான். அது 6 சதவீதத்துக்குக் கீழே வந்தால் யோசிக்காமல் சேர்க்கலாம். 10க்கு மேல் வந்தால், சிவகிரி நாய்க்கும் ராஜபாளையம் கென்னலுக்கும் எங்கோ தொடர்பு இருக்கிறது. வேறு ஆண் தேடலாம். நாகர்கோவில் ஆணையும் சோதித்துப் பார்க்க அதன் உரிமையாளர் சம்மதித்தால், மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. சாப்பிட்டு அரை மணி நேரமாவது கழிந்த பிறகு, கன்னத்தின் உள்பக்கத்தில் பஞ்சுக் குச்சியை நன்றாகத் தேய்க்க வேண்டும். மேலோட்டமாக எச்சிலை ஒற்றி எடுத்தால் போதாது. உலர்ந்த குச்சியாக அனுப்பும் கிட் என்றால், காற்றில் காயவைத்துக் காகித உறையில் போடுங்கள். குலசேகரத்து ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ரத்தம் கேட்கும் லேப் என்றால் உங்கள் கால்நடை மருத்துவமனையில் ஊதா மூடிக் குழாயில் எடுத்துக் கொடுப்பார்கள்.

அறிக்கையில் ‘கலப்பு’ என்றோ நம் இனத்தின் பெயரே இல்லாமலோ வந்திருந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். வெளிநாட்டு லேப்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ராஜபாளையம் மாதிரிகள் போதிய அளவில் இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். நீளமான ஒத்த பகுதிகளை அளக்கும் சிஓஐக்கு இனப் பெயர் தேவையில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக லேப் தரும் பன்முகத்தன்மைப் பரிசோதனை வேறு வகை. டிஎன்ஏவில் 33 இடங்களையும், நோய் எதிர்ப்புக்கான மரபணுக்கள் இருக்கும் பகுதியில் 7 இடங்களையும் பார்த்து, அந்த இனத்தின் மற்ற நாய்களோடு ஒப்பிடுவது அது. ஒப்பிட ஆள் இருக்கும் இனத்துக்குத்தான் அது முழுப் பலன் தரும்.

“ஒரே ரத்தமாக இருந்தால்தான் இனம் கெடாது” என்று கென்னல்காரர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தோட்டத்தில் இருப்பவர் நீங்கள், ரப்பரை வைத்தே சொல்கிறேன். ஒரே தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஏக்கர் கணக்கில் ஒட்டினால் பால் ஒரே சீராக வரும். இலைநோய் வந்தால் எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி வரும். நாயில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் டால்மேஷியனே சாட்சி. அழகான புள்ளிக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில், யூரிக் அமிலத்தைச் சரியாகக் கையாளும் மரபணு அந்த இனத்திலிருந்தே காணாமல் போனது. ஆண் நாய்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்தது. எந்தப் பரிசோதனை செய்தும் பலன் இருந்திருக்காது. அந்த மரபணுவின் நல்ல பிரதி வைத்திருக்கும் டால்மேஷியன் அப்போது ஒன்றுகூட இருக்கவில்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்துக்கொண்டு வந்தார். புள்ளியும் உருவமும் திரும்பி வந்தன, நல்ல மரபணுவும் தங்கியது. அமெரிக்க கென்னல் கிளப் அந்த வம்சத்தைப் பதிவேட்டில் சேர்க்க 2011 வரை ஆனது. ராஜபாளையத்துக்கு அந்த நிலை வரவில்லை. சிவகிரி, சங்கரன்கோவில் பக்கத்தில் பேப்பர் இல்லாமல், கென்னல் கண்ணில் படாமல் தோட்டங்களில் கிடக்கும் நாய்கள் இருக்கும்வரை வரவும் வேண்டியதில்லை. பூதப்பாண்டி ஆணின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

அதற்காக எண்ணை மட்டும் துரத்தவும் கூடாது. குறைந்த சிஓஐ வரும் என்று கடிக்கிற குணமுள்ள ஆணையோ, நடை சரியில்லாத ஆணையோ எடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் உள்ள வீடு உங்களுடையது. பூதப்பாண்டிக்கு ஒருமுறை நேரில் போய், அந்த நாய் தன் வீட்டுக் குழந்தைகளிடமும் வாசலுக்கு வரும் அந்நியரிடமும் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். அதன் மற்ற ஈத்துகளில் எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது, செவிடு உண்டா என்று கேளுங்கள். நேர்மையான உரிமையாளர் சொல்லிவிடுவார்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள்படி, விற்பதற்காகக் குட்டி போடவைப்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. குட்டியை எட்டு வாரத்துக்கு முன் கொடுக்கவும் கூடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இணை சேர்த்ததற்குக் காசுக்குப் பதிலாக ஒரு குட்டி கேட்பது நம் பக்கத்தில் வழக்கம். பூதப்பாண்டிக்காரர் அப்படிக் கேட்டால் ஆண் குட்டியைக் கொடுங்கள். அவர் வீட்டில் இருப்பது தகப்பன் ஆண். பெட்டைக் குட்டியைக் கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து அப்பாவும் மகளும் ஒரே வளவில் நிற்பார்கள். பெட்டைக் குட்டிகளில் நல்லதாக ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, அதற்கும் அதே லேபில் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.